கொக்கிரகுளம், காலை ஏழேகால்

ஊர்ப் பேரிலேயே கொக்கு இருக்கிறது.
அதனால்தானோ என்னவோ
யாரும் கொக்கைப் பார்ப்பதில்லை.

ஐப்பசி வெள்ளம் வடிந்து பதினோரு நாள்.
பூங்காவின் கடைசி இரண்டு பெஞ்சுகளில்
இன்னும் வண்டல்.
எதிர்க்கரை உடைமரத்தில், ஆள் உயரத்துக்கும் மேலே,
யாருடையதோ ஒரு மாம்பழக் கலர் சேலை.

பத்து மணிக்குக் கருவூலத்தில்
உயிரோடுதான் இருக்கிறோம் என்று
பென்சன்காரர்கள் எழுதித் தரும் தாள்களை எண்ணுவேன்.
அதற்கு முன் கொஞ்ச நேரம்
இவற்றை.

நீலச்சிறகி ஆறு.
பாலத்தின் நிழலுக்குள் போனதும் நான்கு,
வெளியே வரும்போது ஏழு.
கம்பியில் தகைவிலான் எண்பது என்று போட்டேன்.
போட்ட கையோடு எல்லாம் எழும்பி
வேறொரு எண்ணிக்கையாய் உட்கார்ந்தன.

பிறகு, உள்ளான்.
படித்துறையின் ஐந்தாம் படியில்
ஒரு சோப்பு டப்பாவுக்கு அரை முழம் தள்ளி,
யாரோ கேட்ட எதற்கோ
ஆமாம் ஆமாம் என்று வாலை ஆட்டிக்கொண்டு.

பைனாகுலரைத் திருகினேன்.
தெளிந்த வட்டத்துக்குள்
ஓர் ஈரத் துண்டும் வந்தது.
துண்டுக்குள் ஓர் ஆளும்.

"ஏல, அந்தப் பொம்பள நம்மளயே பாக்கா."

முழங்கால் ஆழத்தில் நின்ற ஒன்பது ஆண்கள்
ஒரே சமயத்தில் கழுத்தளவுக்குப் போனார்கள்.
(அதையும் எண்ணத்தான் செய்தேன்.)

தலை நிறைய நுரையோடு ஒருவர் மட்டும்
மணல் பக்கமாய்ச் சுற்றி ஏறி வந்தார்.
பழமண்டி கோமதிநாயகமாம்.
"அப்படி என்னத்தத்தான் பாக்கிய?"

வாரை அவர் கழுத்தில் மாட்டினேன்.
ஒரு கண்ணை மூடினார். மூட வேண்டாம் என்றேன்.
வானத்தைப் பார்த்தார், பாலத்தூணைப் பார்த்தார்,
பிறகு வெகுநேரம் பேச்சில்லை.

"கண்ணுக்கு மேல வெள்ளக் கோடுல்லா போட்டிருக்கு."
"ஆமா."
"இது என் டப்பாகிட்டயேதான் கெடக்கும்.
துண்ட அலசுனா ஒரு படி தள்ளி ஒக்காரும்.
எங்க உள்ளது?"
இமயமலைக்கும் அந்தப் பக்கம் என்றேன்.

"சவம்,
ஒரு வார்த்த சொல்லலியே."

இறங்கிப் போனவர்
நாலாம் படியோடு நின்றுவிட்டார்.
டப்பா ஐந்தாம் படியில். அதன் பக்கத்தில் அது.
அதற்கும் பின்னால்தான் ஆறு.
நுரை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் போகிறது,
துடைக்கக் கை எடுக்கவில்லை மனிதர்.

நோட்டில் எழுதினேன்:
உள்ளான், ஒன்று.
குறிப்பு என்கிற கட்டத்தில்:
ஒருவர் தலை கழுவக் காத்திருக்கிறார்.