நகம் பதியும் அளவு

கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவே
தாங்குகிற மாதிரி ஏதாவது வேண்டும்
என்றுதான் கேட்டேன்.
சிராங்கூன் நார்த் கடையில் ஹுய் ஷான்
நாய்க்கடையில் ரயில் எதற்கு என்று
ஒரு கணம் விழித்துவிட்டு
மான்கொம்பை எடுத்து வைத்தாள்.
இருபத்தெட்டு வெள்ளி.
மாதக்கணக்கில் வரும், இயற்கை, வாடையே இல்லை.

சம்பலுக்கு அப்போது இரண்டு வயது.
தெங்கா காட்டோரத்தில் பிடிபட்ட செம்பட்டை.
ஒரு காது மட்டும் எப்போதும் நிமிர்ந்திருக்கும்.
இரவு பதினொன்றரைக்கு
நான் பூட்டைத் திருப்பும் சத்தம் கேட்டதும்
ஊளை.
ஒன்பதாம் மாடியிலிருந்து நான்காம் மாடிவரை கேட்கிறதாம்.
வீவகக் கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது.

மான்கொம்பு வந்ததும் ஊளை நின்றது.
பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள் காலை
தண்ணீர்க் கிண்ணத்தில் இளஞ்சிவப்பு.

மேல்வரிசை, நான்காவது, கறி கிழிக்கும் பெரிய பல்.
ஒரு பக்கம் சில்லாகப் பெயர்ந்திருக்கிறது என்றார்
டாக்டர் நஸ்ரீன்.
படத்தில் வேர்வரை ஒரு மயிரிழை ஓடியது.
அதை எனக்குத் தெரியும்.
பத்து வருடமாக
பீஷானுக்கும் ஈசூனுக்கும் நடுவே
தண்டவாளத்தில் இரவெல்லாம் நான் தேடுவது
அதைத்தான்.
இரும்பில் விழுந்தால் அரைமணியில் அறிக்கை போகும்.
இது என் காலடியில்.

கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், என்றார்.
உங்கள் நகம் பதியாதது
அவன் பல்லுக்கு ஆகாது.

மறுபடி ஹுய் ஷான் கடை.
குளம்பை அழுத்தினேன். நகம்தான் வலித்தது.
தோல் முடிச்சில் கொஞ்சம் பதிந்தது;
வீட்டுக்குக் கொண்டுவந்து
குவளைத் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டுவைத்தேன்,
காலையில் இரண்டு பங்காய் உப்பி வழவழவென்று
அப்படியே கிடந்தது,
ஒரு குடலை அடைக்கப் போதும்.
கவரிமாவின் பாற்கட்டி என்று ஒன்று.
மானத்துக்குப் பேர்போன விலங்கு, பாவம்,
அதுவும் கல்.
கடைசித் துண்டை மைக்ரோவேவில் வைத்தால்
அப்பளமாய்ப் பொரியுமாம், அது மட்டும் ஆகும்.

பிறகு ஒரு நீளக் குச்சி, பழுப்பு, முறுக்கியது.
எங்கே இருப்பது என்று கேட்டேன்.
ஹுய் ஷான் காது சிவந்தாள்.
காளையிடம், என்றாள், பசுவிடம் இருக்காது.
நகம் பதிந்தது.
நாற்றம் மட்டும் மின்தூக்கியில் என்னுடன் இறங்கி ஏறியது.
தீபாவளிக்கு வந்த அண்ணன் குமரவேள்
மூக்கைச் சுளித்து என்ன வாடை என்றபோது
கருவாடு என்றேன்.

எல்லாம் சரிதான்.
டாக்டர் தந்த தாளின் கடைசி வரியை மட்டும்
அன்றிரவு சீருடையோடு நின்று வாசித்தேன்:
நீங்கள் அருகில் இல்லாதபோது கொடுக்க வேண்டாம்.

நான் இல்லாத நேரத்துக்குத்தானே
அதை வாங்கினேன்.

இப்போது காலை ஐந்தே முக்காலுக்குத் திரும்பி
பூட்ஸைக் கழற்றி, கோப்பியோடு தரையில் உட்கார்கிறேன்.
அவன் இரண்டு முன்னங்கால்களுக்குள் குச்சியை நிறுத்தி
கண்ணை மூடி, நல்ல பல் இருக்கும் பக்கமாய்
அரைக்கிறான்.
அரைமணி. சில நாள் நாற்பது நிமிடம்.
என் தூக்கத்திலிருந்து எடுத்ததுதான்.
விரல் நீளத்துக்கு வந்ததும்
விழுங்கிவிடுவான் என்று
அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை நீட்டி
மீதியைப் பிடுங்கிக்கொள்கிறேன்.
ஏமாந்தது தெரிந்தும் வாங்கிக்கொள்வான்.

ஊளை நிற்கவில்லை.
நேற்று மின்தூக்கி அருகே நின்று எண்ணினேன்:
நான்கு நிமிடம்.
போன மாதம் பதினொன்று.

இரவு இரண்டரை, மின்சாரம் நிறுத்திய தடத்தில்
ஒரு மூட்டைக் குறிக்க
சட்டைப்பையில் சாக்கட்டியைத் துழாவுகிறேன்.
கையில் வருவது எச்சில் காய்ந்த ஒரு துண்டு.
கூட வந்த ஜுனைடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.
விளக்கை அதன்மேல் பிடித்து
நகத்தை ஊன்றிப் பார்க்கிறேன்.

பதிகிறது.