சின்ன மாய், பெரிய மாய்

மடிப்பில் கிழிந்து நாலு துண்டாகிப்போன தாளை
பிளாஸ்டிக் உறைக்குள் உருக்கி அடைத்து வைத்திருக்கிறேன்.
சீனத்தில் ஒன்பது வரி. ஓரெழுத்தும் எனக்குத் தெரியாது.
எழுதித் தந்த மாணவி இரண்டு சொல்லை மட்டும் தொட்டுக் காட்டினாள்:
சியாவ் மாய் என்றால் கோதுமை, சின்ன மாய்.
தா மாய் என்றால் வாற்கோதுமை, பெரிய மாய்.
சின்னதோ பெரியதோ
இரண்டும் என் குடற்சுவரை வழித்தெடுக்கும்.

இன்றைக்கு ஸ்லாவிட்சா பார்சல் கிடங்கை விட்டுப் போகிறாள்.
பார்மனில், ஆற்றுக்கு மேல் தொங்கியபடி ஓடும் ரயில்
யன்னலைத் தாண்டும்போதெல்லாம் கிண்ணங்கள் நடுங்குகிற கடை.
எட்டுப் பேர். நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு.
வாத்து வருகிறது, போகிறது.
மாவில் புரட்டிப் பொரித்த இறால் வருகிறது.
இறாலுக்குள் போன கரண்டி
வெள்ளைச் சோற்றுக்குள்ளும் போகிறது.
சோற்றையும் போகவிடுகிறேன்.
டயட்டா, என்கிறான் ஹோல்கர்.
ஓம் என்றேன்.
விளக்கிச் சொல்ல ஜெர்மன் இருக்கிறது,
பசியில் பொறுமை இல்லை.

எழுந்துபோய்க் குசினிக் கதவைத் தள்ளினேன்.

சமைக்கிறவள் ஈரக் கையை இடுப்பில் துடைத்துவிட்டு
அட்டையை வாங்கி வாய்விட்டு வாசித்தாள்.
எனக்கு வந்த கடிதத்தை யாரோ
எனக்கே வாசித்துக் காட்டுகிறமாதிரி இருந்தது.
பாண் இல்லை, நூடுல்ஸ் இல்லை, குட், குட் என்றாள்.
சொன்ன கையோடு கரண்டியைக்
கறுப்புச் சோஸுக்குள் விட்டாள்.

போத்தலைக் காட்டினேன்.
சிரித்தாள். சோயா, என்றாள்.
நான் காட்டிய விரலை இறக்கவில்லை.
நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி
போத்தலைத் திருப்பி, விளக்கடியில் பிடித்து
தண்ணீர், சோயா அவரை...
அடுத்த சொல்லில் அவள் நகம் நின்றது.
சியாவ் மாய்.

அடுப்பு தன்பாட்டில் இரைந்தது.
முப்பது வருடம் கூட இருந்தவனின்
இன்னொரு பெயரைத் தபாற்காரன் சொல்லக் கேட்டவள் மாதிரி
போத்தலைப் பார்த்தாள்.
பிறகு தட்டில் இருந்ததையெல்லாம் திருப்பத் தொடங்கினாள்.
சிப்பிச் சோஸ், சியாவ் மாய்.
இனிப்புச் சோஸ், சியாவ் மாய்.
அரிசி வினிகர் தப்பியது.
சுவரில் தொங்கிய இரும்புத் தாச்சியில் கை வைத்தாள்,
யோசித்தாள், விட்டாள். நேற்றையதெல்லாம் அதில் ஊறியிருக்கும்.
மேலே எட்டித் தனக்கு முட்டை அவிக்கிற சின்னச் சட்டியை எடுத்தாள்.
மீன். இஞ்சி. உப்பு. ஆவி.
நான் பொலிஸ்காரி மாதிரி பக்கத்தில் நின்றேன்.
வெட்கமாய் இருந்தது, நின்றேன்.

மேசைக்கு மீன் வந்தபோது
அதன் முதுகில் கறுப்பாய் ஒரு கோடு மினுங்கியது.
வெறும் வெள்ளையாய்ப் போகிறதே என்று
கொண்டுவந்த பையன் வாசலில் வைத்து ஊற்றியிருக்கிறான்.
அன்பில்தான்.
இதுவரை என்னைப் படுக்கையில் போட்டதெல்லாம்
அன்பில் வந்ததுதான்:
கொஞ்சம்தானே என்று கல்யாண வீட்டில் வைத்த ரோல்ஸ்,
வாயில் ஊட்டிவிட்ட பிறந்தநாள் கேக்கின் ஓரம்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
வேண்டாம், என்றேன்.
விருந்தில் அந்தச் சொல்லைச் சொல்ல
எனக்கு ஆறு வருடம் எடுத்தது.

அவள் வெளியே வந்தாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.
தட்டைத் தூக்கி, நின்றபடியே ஒரு துண்டு பிய்த்துத் தின்று,
உப்புச் சரி என்பதுபோல் தலையாட்டி
உள்ளே கொண்டுபோனாள்.

இரண்டாவது மீன் வந்தபோது
மற்றவர்கள் தோடம்பழமும் தின்று கோட்டும் போட்டாயிற்று.
மூடியின்மேல் ஒரு கையை அழுத்தி, பையனை முறைத்தபடி
அவளே கொண்டுவந்தாள்.
ஸ்லாவிட்சா மட்டும் கோட்டோடு எதிரில் இருந்தாள்,
தன் பிரியாவிடையை எனக்காக நீட்டிக்கொண்டு.
முள் எடுத்து எடுத்துத் தின்றேன்.
சூடு, இஞ்சி. சட்டியில் கொஞ்சம் முட்டை வாசம்.

அன்றிரவு மூன்று மணிவரை விழித்துக் கிடந்து
வயிறு என்ன சொல்கிறது என்று கேட்டேன்.
கடைசி ரயில் எப்போதோ போய்விட்டிருந்தது.
வயிறு ஒன்றும் சொல்லவில்லை.