நான்காம் நினைவூட்டல்

எழிலகத்தின் மூன்றாம் மாடியில்
கடலைப் பார்த்த ஜன்னல் எங்களுடையது.
திறந்தால் காகிதம் பறக்கும்,
மூடினால் மின்விசிறி போதாது.
ஆகவே பாதி திறந்திருக்கும்,
கைப்பிடி உடைந்த ரப்பர் ஸ்டாம்பு ஒன்றை
முட்டுக்கொடுத்து.

வாரிய உறுப்பினர்கள் பதினோரு பேர்.
சொத்து விவரப் படிவம்
ஜூன் முப்பதுக்குள் வந்திருக்க வேண்டும்.
இப்போது ஐப்பசி மழை,
வாலாஜா சாலையில் பஸ்கள் நீந்துகின்றன.

'பார்வையில் காணும் கடிதத்தின்பால்
தங்கள் மேலான கவனம் ஈர்க்கப்படுகிறது'
என்று மூன்று முறை ஈர்த்தாயிற்று.
இரண்டாவதில் 'பணிவுடன்' சேர்த்தேன்.
மூன்றாவதில் 'மீண்டும் பணிவுடன்'.
நான்காவதில் என்ன சேர்ப்பதென்று
கண்காணிப்பாளர் இளம்பரிதி சாரைக் கேட்டேன்.
'பத்தி விட்டுப் பத்தி கொஞ்சம் இடம் விடும்மா,
படிக்க மனசு வரும்' என்றார்.

ஒருவர் மகளின் பிரசவத்துக்கு டொராண்டோ போயிருக்கிறார்.
ஒருவர் தம் ஆடிட்டரைக் கேட்கச் சொன்னார்,
ஆடிட்டர் அவரைக் கேட்கச் சொன்னார்.
ஒருவர் போனில் சிரித்தார், வெகுநேரம்.
தலைவர் மட்டும் அரக்கு வைத்த உறை அனுப்பியிருந்தார்.
எல்லாக் கலங்களுக்கும் குறுக்கே ஒரே கோடு,
கோட்டின்மேல் 'இல்லை'.
அவர் வந்திறங்கும் வண்டி
எங்கள் வேப்பமரத்தடியில்தான் நிற்கும்.
டிரைவர் துடைத்துக்கொண்டே இருப்பார்.
இல்லாத ஒன்றை
இவ்வளவு பளபளப்பாகத் துடைக்க முடியுமென்று
அன்றுதான் கவனித்தேன்.

ஒழுங்காக வந்தது ஒன்று.
தொழிலாளர் தரப்பு உறுப்பினர்,
கோ. தேசப்பன், காசிமேடு.
ஜூன் பதினேழாம் தேதியே, நேரில்,
பிளாஸ்டிக் பையில் சுருட்டி,
லேசான மீன் வாடையோடு.
ஃபைபர் படகில் மூன்றில் ஒரு பங்கு.
இன்ஜினில் பாதி மச்சானுடையது,
மீதிப் பாதிக்கு வட்டி ஓடுகிறது.
குடியிருப்பு வீடு, பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை.
மனைவியின் சங்கிலி பன்னிரண்டு கிராம், அடகில்.
ரொக்கக் கலத்தில்
இரண்டாயிரத்து நூற்று நாற்பது என்று எழுதி,
அடித்து,
ஆயிரத்து எண்ணூறு என்று திருத்தியிருந்தார்.
'வர்ற வழியில வண்டிக்குப் பெட்ரோல் போட்டேன் மேடம்,
பொய்யாயிடக் கூடாதில்ல.'

போன வாரம் கூர்ந்தாய்வுப் பிரிவு
விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பியது.
ஒரே ஒருவருக்கு.
திருத்தத்தின் அருகில் சுருக்கொப்பம் இல்லை,
அடகு ரசீதின் நகல் இணைக்கப்படவில்லை,
ஏழு நாட்களுக்குள்.
வராத படிவத்தில் பிழை கண்டுபிடிக்க
விதியில் இடமில்லை.
'இல்லை' என்பதற்கு
என்ன நகலை இணைக்கச் சொல்வது?

தட்டச்சு செய்தது நான்தான்.
அதில் 'பணிவுடன்' வைக்க யாரும் சொல்லவில்லை,
எனக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாளே வந்துவிட்டார்.
ரசீது மழையில் நனைந்திருந்தது.
மேசைக் கண்ணாடியின்மேல் விரித்து,
அது காயும்வரை இருவரும்
பேச எதுவுமில்லாமல் நின்றோம்.
ஆயிரத்து எண்ணூறுக்குப் பக்கத்தில்
சுருக்கொப்பத்தையும் முழுப் பெயராகவே போட்டார்.
'இப்ப பாக்கெட்டுல நானூத்திப் பத்துதான் இருக்கு,
அதையும் மாத்தணுமா மேடம்?'
'வேணாம், அது ஜூன் கணக்கு' என்றேன்.

என்னுடைய ஆண்டறிக்கையின் நகலும்
இதே மேசையின் இழுப்பறையில் இருக்கிறது.
கூடுவாஞ்சேரியைத் தாண்டி ஒன்றேகால் கிரவுண்ட்,
மாமியார் பெயரில்,
என் சேமநிதிப் பணத்தில்.
ஒவ்வொரு ஜனவரியிலும்
அசையாச் சொத்துக் கலத்தில்
பேனா ஒரு நொடி நிற்கும்.
பிறகு கோடு.
தலைவர் போட்டது சற்றே சரிந்திருக்கும்,
நான் ஸ்கேல் வைத்துப் போடுவேன்.

மணி ஐந்தே முக்கால்.
சேப்பாக்கம் பறக்கும் ரயில் போகிற சத்தத்தில்
ரப்பர் ஸ்டாம்பு நகர்ந்து
ஜன்னல் தானாக மூடிக்கொண்டது.
நான்காம் நினைவூட்டல், பெறுநர் ஒன்பது பேர்.
பத்தாவதாக என் பெயரை அடித்துப் பார்த்தேன்.
கர்சர் மினுக்கியது.
அழித்தேன்.
பத்தி விட்டுப் பத்தி
கொஞ்சம் இடம் விட்டேன்.