ரசீது ஒட்டுகிறவள் சொன்னது

திம்மராயன் சார்,
கண்காட்சி நடக்கும் ஐந்து நாளும்
கொலோனில் அரங்கை ஒட்டி அறை கேட்காதீர்கள்.
எண்பது யூரோ அறை அந்த வாரம் முந்நூற்று நாற்பது.
பக்ரீதுக்கு முந்தின ஞாயிறு
போச்சம்பள்ளிச் சந்தையில் ஆட்டு விலை பார்த்திருப்பீர்களே,
அதே கதைதான்.

பான் என்றொரு ஊரில் போட்டிருக்கிறேன்.
ரயிலில் அரைமணி.
காவேரிப்பட்டணத்தில் படுத்துக் கிருஷ்ணகிரிக்கு
வேலைக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்.
கண்காட்சிச் சீட்டிலேயே ரயிலும் அடக்கமா என்று
கேட்டுவிட்டு ஏறுங்கள்.
அஸ்மத்துல்லா கேட்கவில்லை.
அறுபது யூரோ தண்டம்.

நம் ரவுண்டானா லாட்ஜ் இல்லை அது.
ராத்திரி ரெண்டு மணிக்கு ஷட்டரைத் தட்டினால்
பனியனோடு ஒரு பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரமாட்டான்.
பத்துக்கு மேல் வரவேற்பில் ஆளே கிடையாது.
கதவோரம் ஒரு பெட்டி, நாலு எண் அழுத்தினால் சாவி.
எண்ணை போனில் அனுப்பிவிட்டேன்.
இந்தச் சீட்டிலும் இருக்கிறது, சட்டைப்பையில் வையுங்கள்.
குளிரில் போன் சீக்கிரம் செத்துவிடுமாம்.

காலைச் சாப்பாடு வேண்டாமென்று குறித்துவிட்டேன்.
பதினாறு யூரோவுக்கு
ஆறு டஜன் முட்டை வரும் இங்கே, அதற்கு மேலும் வரும்.
ஸ்டேஷனில் ரொட்டிக்கடை உண்டு.
ஞாயிறு எல்லாக் கடையும் அடைப்பு, சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.
தண்ணீர் குழாயில் பிடியுங்கள்.
பாட்டில் வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் கால் யூரோ அடமானம்,
காலி பாட்டிலை மிஷினில் போட்டால் திரும்பி வரும்.
முரளிதரன் ரசீதில் ஒன்பது முறை ஏறியிருக்கிறது,
ஒருமுறைகூட இறங்கவில்லை.

பக்கெட் கேட்காதீர்கள்.
கேட்டதற்கு ஐஸ் போடும் பக்கெட்டைக் கொடுத்தார்களாம்.
மின்னடுப்பும் வேண்டாம்.
கடுகு வெடித்தால் கூரையில் ஒரு வட்டம் கத்தும்,
தீயணைப்பு வண்டி வந்தால் வண்டிக்கும் பில் வரும்,
அதை எந்தத் தலைப்பில் எழுதுவேன் நான்?
புளிக்காய்ச்சல் கொண்டுபோங்கள்.
மாங்கூழ் டப்பாவோடு சேர்த்துக் கட்டாதீர்கள்,
போன தடவை சாம்பிளில் பெருங்காயம் மணத்தது.

எத்தனை தடவை போயிருக்கிறாய் என்று கேட்டீர்கள்.
ஓசூர் தாண்டி பொம்மசந்திரா வரைக்கும், சார்.
நாத்தனார் வீடு.

எட்டு வருஷம், நாலு கண்காட்சி, பதினோரு ஆட்கள்.
வந்தவர்கள் மேஜையில் கொட்டுகிற காகிதத்தை
தேதிவாரியாக ஒட்டுகிறேன்.
சீசன் முடிந்த அக்டோபரில்
தொழிற்சாலையில் ஈக்களும் நானும்தான்.

அஸ்மத்துல்லா ஒரே ராத்திரியில்
பெட்ரோல் பங்கில் மூன்று டீ குடித்திருக்கிறார்.
ஒன்று பன்னிரண்டு. இரண்டு நாற்பது. நாலு ஐந்து.
அன்று சாயங்காலம்தான் அந்த டச்சுக்காரன்
நாற்பது கண்டெய்னரை வேண்டாமென்றது.
இதரச் செலவில் போட்டேன்.
முதலாளி விரல் வைத்துக் கேட்டார்.
தண்ணீர் என்றேன்.

ஜன்னல் பிடியை மேலே திருப்பினால்
மேல்பாதி மட்டும் உள்ளே சாயும்.
உடையவில்லை, அப்படித்தான்.
முரளிதரன் பயந்துபோய் எனக்கு போன் போட்டார்.
அவர் பேசப் பேசப் பின்னால் மணிச்சத்தம்,
ஒன்றல்ல, நாலைந்து, ஒன்றின்மேல் ஒன்று விழுந்தபடி.
என்ன மணி என்றேன்.
மணியா, கவனிக்கலையே என்றார்.

நீங்கள் கவனியுங்கள்.
அது ரசீதில் வராது.

ஊர்வரி தனி, சில்லறையாக வைத்திருங்கள்.
பதினோரு மணிக்குள் காலி செய்துவிடுங்கள் சார்,
ஏறின நேரத்திலிருந்து இருபத்துநாலு மணிக்கூறு
என்கிற கணக்கெல்லாம்
இங்கே மட்டும்தான்.