தண்ணீர் நட்டம்

எட்டேகால் அந்தர். மரப்பெட்டி நீங்கலாக.
கானாடுகாத்தான் பக்கத்து விமானத் திடலில்
போர் முடிந்த ஏலத்தில் எடுத்தது,
இரட்டை மாட்டு வண்டியில் வந்து இறங்கியது
அமெரிக்க எந்திரம்.
சிக்கந்தர் ராவுத்தர் இரும்புக்கடையில்
எடைக்கணக்கு என் கை.

சுற்றிவர ஒன்பது உருளை, நடுவில் ஒரே அச்சு.
வேடிக்கை பார்க்க வந்த சாத்தப்பன்
"நகரக் கோயில் மாதிரி ஒன்பதா?" என்றான்.
"ஒற்றைப்படை இல்லாவிட்டால் ஓடாது"
என்றான் ஞானாதிக்கம்,
போன வருடம்வரை திடலில் ஸ்பேனர் பிடித்தவன்.
ஒன்று மூன்று ஐந்து ஏழு ஒன்பது,
பிறகு இரண்டு நான்கு ஆறு எட்டு.
ஒருவரை விட்டு ஒருவருக்கு நெருப்பைப் பரிமாறினால்
இரண்டே சுற்றில்
பந்தியில் யாரும் பசியோடு எழுவதில்லை.

கழற்றக் கழற்றப் பேசினான்.
முதல் எந்திரம் சைக்கிள் கடையில் பிறந்ததாம்,
படுத்த நான்கு உருளை, பன்னிரண்டு குதிரை,
சூட்டுத் தகட்டில் பெட்ரோல் சொட்டி ஆவியாகுமாம்,
தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர்போல.
அப்புறம் முதல் போருக்கு
ஓட்டல் அறையில் ஐந்தாறு நாளில் வரைந்த
பன்னிரண்டு உருளை எந்திரம்;
அதற்குத் தண்ணீர்ச் சட்டை, குழாய், தொட்டி.
"தண்ணீரைச் சுமந்துகொண்டா வானத்துக்குப் போனான்?"
ராவுத்தர் சிரித்தார்.
ஆறில்லாத ஊர்க்காரனுக்கு அது ஊதாரித்தனம்.

பிறகுதான் அவர்களுக்கு எங்கள் புத்தி வந்திருக்கிறது.
தண்ணீரை விட்டார்கள்.
காற்றைக் குடிக்கப் பழக்கினார்கள்.
உருளைமேல் மடிப்பு மடிப்பாகத் தகடு,
வருடத்துக்கு வருடம் மெலிந்து, நெருங்கி.
இதில் என் காலணா நுழையவில்லை.
நகம் நுழைந்தது.

அலுமினியம் தனி, எஃகு தனி, பித்தளை தனி.
காற்று வரும் வழிக்கு ஒன்பது வால்வு,
புகை போகும் வழிக்கு ஒன்பது.
புகைவால்வுக்குத் தடித்த தண்டு. தராசோ
அதைத் தக்கை என்கிறது.
படிக்கல்லை மாற்றினேன். முள்ளைத் துடைத்தேன்.
மறுபடி அதே பொய்.
என் தராசு பொய் சொல்லாது,
ஆகவே பொய் வால்வுக்குள் இருக்கிறது.

கூத்தனை அறுக்கச் சொன்னது நான்தான்.
ஞானாதிக்கம் அப்போது டீ குடிக்கப் போயிருந்தான்.
மூன்று ரம்பம் பல் இழந்தபின்
உள்ளே வெள்ளையாய் ஒரு மினுக்கம்,
ஆணி பட்டால் வெண்ணெய்.
"வெள்ளிதானே?" என்றான் கூத்தன்.
அவன் கண்ணில் மகளின் கொலுசு.
சூடு ஆறட்டும் என்று வாளியில் போட்டான்.

தண்ணீர் சீறியது.
மஞ்சள் நெருப்பொன்று தண்ணீரின்மேல் ஓடியது.
பிறகு வாளி இல்லை.
கூத்தனின் புருவமும்.

ஓடிவந்த ஞானாதிக்கம் திட்டவில்லை.
டீ கிளாஸ் கையிலேயே நடுங்கியது.
சோடியம் என்றான். உப்பில் பாதி என்றான்.
வால்வின் தலை பழுக்கும்போது உள்ளே அது உருகி
மேலும் கீழும் குலுங்கி
தலைச் சூட்டைத் தண்டுக்குக் கடத்துமாம்,
தண்டிலிருந்து தகட்டுக்கு,
தகட்டிலிருந்து காற்றுக்கு.
சாத்தப்பனுக்குத்தான் முதலில் புரிந்தது:
"உண்டியல், அய்யா.
ஓரிடத்தில் முடங்கினால் எரிந்துபோகும்,
கைமாறிக்கொண்டே இருக்கணும்."
அவன் அப்பச்சியின் முதல் முழுவதும்
பர்மாவில் முடங்கி எரிந்ததை
யாரும் நினைவூட்டவில்லை.

மீதி எட்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றி
உத்தரத்தில் கட்டினேன்,
ஓடு ஒழுகாத மூலையாகப் பார்த்து.
இரவு பேரேட்டில் எழுதினேன்:
புகைவால்வு ஒன்பது, இருப்பு எட்டு,
நட்டம் ஒன்று, வாளி ஒன்று.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.
கூரையில் விழும் ஒவ்வொரு சொட்டுக்கும்
அண்டா வைத்துக் காத்திருக்கும் ஊரில்,
கடை திறந்த நாள்முதல் முதன்முறையாக
எழுதினேன்:
தண்ணீர்.