நூற்றியொரு சாதாரணங்கள்

கருவாடு ஏற்றிப்போன கொழும்பு பஸ்ஸில்
திரும்பி வந்தது பெட்டி.
வாசமும் கூடவே வந்திருந்தது.

ஏகாம்பரம் வீதி, போட்டோக்கொப்பிக் கடை,
இறக்கிவிட்ட ஷட்டருக்குப் பின்னால் நாலு பேர்:
கிண்ணியா முஃபாரிஸ்,
அபேபுரத்து ஷெனுர,
மா மில்லில் ஒரு கைப்பிடி கோதுமையை மணந்து
முழுக் கப்பலுக்கும் தீர்ப்பெழுதும் தனராஜ்,
சாவி வைத்திருக்கும் நான்.

விதி ஒன்றுதான்.
மூலையில் கறுப்புப் புள்ளி உள்ள சீட்டு மட்டும்.
வெள்ளிப் புள்ளி, பொன் புள்ளி,
மினுங்குவது எதுவும் மேசைக்கு வராது.
கேட்பவர்களுக்குக் கொள்கை என்போம்.
பொன் புள்ளி ஒன்றின் விலை
முஃபாரிஸ் வீட்டுக் கரண்ட் பில், இரண்டு மாதத்துக்கு.

உறை கிழிந்தது. பொன் டிராகன் ஒன்று
எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.
வெள்ளவத்தைப் பெடியன் ஒருவன் வாங்குவான்,
அடுத்த பெட்டிக்குப் பாதிக் காசு.
என்விலப்பில் போட்டு மூடினோம்.

மிச்சம் நூற்றியொரு வகை.
சீ.ஆர். கொப்பியில் கோடு அடித்தேன்.
ஐந்துக்குப் புள்ளி.

இரண்டு கனல் கொடுத்தால் இறங்கும் ஓநாய்.
அடி மூன்று, உயிர் ஒன்று.
தும்மினால் விழும். இரண்டரை.

நாலு கனலுக்கு ஒரு மதில்.
அடிக்காது, அசையாது, யாரையும் உள்ளே விடாது.
"கச்சேரிக் கிளாக்," என்றான் தனராஜ்.
பெயர் ஒட்டிக்கொண்டது. நாலு.

எதிராளியின் ஆளை அவன் கைக்கே திருப்பும் அலை,
ஒரே கனல்.
ஷெனுர வாய் திறக்கவில்லை,
நாலு பிரதியையும் தன் பக்கம் இழுத்தான்.
புள்ளி எழுதத் தேவைப்படவில்லை.

"வெல்லேக்க எல்லாம் நல்ல சீட்டுத்தான்,"
முஃபாரிஸ் சொன்னான்,
"தோத்துக்கொண்டு இருக்கேக்க
இது மட்டும் கையில மிஞ்சினா?
அதைக் கேளுங்க."

பிறகு அவள் வந்தாள்.
மூன்று கனல். அடி ஒன்று, உயிர் ஒன்று.
தலையில் உப்பு மூட்டை.
இவள் செத்தால் நீ ஒரு சீட்டு எடுக்கலாம்.
அவ்வளவுதான் எழுதியிருந்தது.

செத்தால்தான் பிரயோசனமோ என்றேன்.
கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.
ஒன்று போட்டேன்.
"முக்கால் காணும், நளா," என்றான் தனராஜ்.

வெக்கை.
ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினோம்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
குனிந்து தலையை நுழைத்தது.
பஸ் ஸ்ராண்டில் வாழைத்தோலும்
விழாத லொத்தர் சீட்டும் தின்று வளர்ந்த சாதி.
கழித்த குவியலின் உச்சியில் கிடந்தவளை
நிதானமாய் மென்றது,
உப்பு என்ற சொல்லை வாசித்ததுபோல.
டிராகனின் என்விலப் ஒரு சாண் தள்ளி.
அதை முகர்ந்தும் பார்க்கவில்லை.

சிரித்துச் சிரித்து ஷெனுரவுக்கு இருமல் வந்தது.
இருமிக்கொண்டே
மீதி மூன்று உப்புக்காரிகளையும்
அவன் பொறுக்கிக்கொண்டதை
நான் கவனிக்கவில்லை.

ஞாயிறு, மூன்றாம் ஆட்டம்.
முதலாமவளைக் கொன்றேன்,
அலை ஒன்றை எடுத்தான்.
இரண்டாமவளைக் கொன்றேன்,
இன்னொரு அலை.
மூன்றாமவளைத் தொடாமல் விட்டேன்.
விட்டவள் சுற்றுக்கு ஒன்றாய்,
மூட்டையை இறக்காமலே,
என்னை அடித்து முடித்தாள்.

என் கையில் கடைசிவரை
இரண்டு ஓநாய், ஒரு கச்சேரிக் கிளாக்.
கிளாக்கை இறக்க ஒரு கனல் போதவில்லை.

கொப்பியைத் திறந்து
ஒன்றை வெட்டி மூன்றரை என்று எழுதினேன்.
கொன்றாலும் நட்டம், விட்டாலும் நட்டம்,
இதற்கு எத்தனை போடுவது?
நாலாமவளும் இருந்திருந்தால்
இன்னும் கெதியாய்ச் செத்திருப்பேன்.
மானுக்கு நன்றி என்று ஓரத்தில் எழுதி,
வெட்டி,
மறுபடி எழுதினேன்.

முஃபாரிஸ் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.
தனராஜுக்கு இரவு ஷிப்ற்.
இன்னும் முப்பத்தெட்டுக்குப் புள்ளி போடவில்லை.