எதிர்த்தரப்பின் விபரம்

கரடியனாறு தாண்டிப்
பதுளை வீதி கிறுகும் இடத்தில்
மழை விட்ட தார்ச் சூட்டுக்குப் படுத்திருந்தது.
பின்னேர ஷிஃப்ட் முடிந்து வந்த நான் பிரேக் அடித்தேன்.
அதுவும் எழும்பியது.
இரண்டு பேருமே அரை நொடி பிந்திவிட்டோம்.

பானை மூடி விழுந்த மாதிரி ஒரு சத்தம்,
அவ்வளவுதான்.
இறங்கிப் பார்த்தேன்.
இடது லைட்டுக்குக் கீழே பம்பர் வாய் பிளந்திருந்தது.
மட்காட்டில் கொம்பு இழுத்த கோடு
ஒரு சாண்.
அது என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.
தொடையில் சுட்ட குறி வெளிச்சத்தில் தெரிந்தது:
ஒரு 'சி', அதன் கீழே கவிழ்ந்த பிறை.
பிறகு பற்றைக்குள் இறங்கி நடந்தது.
நொண்டியதா, நிலம்தான் பள்ளமா,
இருட்டில் சொல்ல ஏலாது.

ஏறாவூர் கராஜில் முபீஸ்
காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்துப் பார்த்தார்.
"டிங்கர், பெயின்ட், எல்லாம் பதினெட்டாயிரத்து ஐந்நூறு, மிஸி.
இன்சூரன்ஸ் எண்டாச் சொல்லுங்க,
இருபத்தெட்டு எழுதித் தாறன்."

சுலக்‌ஷன் போனில் இருமிக்கொண்டே சொன்னான்:
"முதல் பத்தாயிரம் உங்கட கையால அக்கா.
மறுகா நோ கிளைம் போனசும் போயிரும்.
பொலிஸ் என்ட்ரி ஒண்டும் வேணும்.
யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன்.
சேலைன் பெட்டியின் பின்பக்கம் கிழித்து எழுதினேன்.
உண்மை சொன்னால் எட்டாயிரத்து ஐந்நூறு வரும்,
பதினாலாயிரத்து எழுநூறு போகும்.
இருபத்தெட்டு என்று சொன்னால்
மூவாயிரத்து முந்நூறு மிஞ்சும்.
அதுவும் இந்த வருசத்துக்கு மட்டும்.
இவ்வளவு மலிவான பொய்யை
நான் இதற்கு முன் கண்டதில்லை.

"ஏழு வருசம் கட்டினது
கடலில கரைச்ச பெருங்காயமா?"
அவர் கேட்டது ஞாயம்தான்.
மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டே கேட்டார்.
ஞாயமாக இருந்ததாலேயே கோபம் வந்தது.

படிவத்தை விரித்தேன்.
சம்பவம் நடந்த நேரம். இடம். வேகம்.
வேகத்தில் ஐந்தைக் குறைத்து எழுதினேன்,
எல்லோரும் குறைப்பதுதானே.
எதிர்த்தரப்பின் பெயர்.
எதிர்த்தரப்பின் முகவரி.
அடையாள அட்டை இலக்கம்.
சிரிப்பு வந்தது.
அடுத்த வரி:
எதிர்த்தரப்புக்குச் சேதம் உண்டா?

பேனையை மூடிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனேன்.

குறியைச் சொன்னால் பொலிஸ் பட்டிக்காரரைப் பிடிக்கும்,
வீதியில் மாடு விட்ட குற்றம்.
சொல்லாவிட்டால் என்ட்ரியில் அது
யாருமில்லாத மாடு.
அதற்கு ஆள் இருக்கிறது என்று
எனக்கும் அந்தக் குறிக்கும் தெரியும்.

சனிக்கிழமை அதே வளைவில்
கையைக் காட்டி மறித்தார் ஒருவர்.
சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார், காலில் சேறு.
நாற்பது ஐம்பது மாடுகள்
அவசரமே இல்லாமல் கடந்தன.
கடைசிக்கு முந்தியதின் வலது கொம்பில்
என் காரின் வெள்ளிநிறம்
ஒரு விரல் நீளத்துக்கு
வெயிலில் மினுங்கியது.
நடையில் பிசகில்லை. தோளில் மட்டும்
மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தது.

அவர் கொம்பைப் பார்த்தார்.
என் மட்காட்டைப் பார்த்தார்.
அந்தக் கோட்டு விளிம்பில்
செம்பட்டை மயிர் மூன்று
இன்னும் ஒட்டியிருந்தது.
கண்ணாடியை இறக்கினேன்.
என்ன சொல்வதென்று தெரியாததால்
"கணக்கு மாடு போல" என்றேன்.
"ஓம் மிஸி, இருக்குதுகள்" என்றார்.
கொஞ்சம் நின்றார்.
"ராவையில பாத்துப் போங்க."
"நீங்களும் பாத்து விடுங்க."

அவ்வளவுதான் பேசினோம்.

இப்போது பம்பருக்குக் கறுப்பு டேப்.
முபீஸ் கோட்டுக்கு மட்டும் மை தடவித் தந்தார்,
நானூறு ரூபாய்.
படிவம் டேஷ்போர்ட் பெட்டிக்குள்,
வேகம் எழுதிய இடத்தோடு நிற்கிறது.
அவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை,
எனக்கும் சில நாளில்
எட்டாயிரத்து ஐந்நூறு ஞாபகம் வரும்.

அந்தக் குறியை நான் எங்கும் எழுதவில்லை.
மேலே சொன்னதும்
சரியான குறி அல்ல.